சீடர்கள் எழுதிய குருமார்கள்

பாடத்திட்டம், பாடநூல், தேர்வு எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் கல்வியில் மிஞ்சுவது என்ன? ஒருவர் முன்னால் இன்னொருவர் உட்கார்ந்திருப்பதால் மட்டுமே நடக்கும் காரியம் ஏதாவது உண்டா? 1930களின் தொடக்கத்தில் பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, பிரெஞ்சு மொழியில் ஆய்வேடு எழுதி டி.லிட். பட்டம் வாங்கினார் பி. நடராஜன். பெங்களூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, ஜெனீவாவுக்குப் பக்கத்தில் ஒரு பன்னாட்டுப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஆசிரியர் என்கிற ஆள் கல்வியில் வகிக்கும் பங்குதான் ஆய்வேட்டின் பொருள். ஆனால் பட்டத்தோடு ஊர் திரும்பியவர் கடைசியில் போய்ச் சேர்ந்தது எந்தப் பல்கலைக்கழகமும் அல்ல. ஊட்டியை அடுத்த ஃபெர்ன்ஹில்லில், மஞ்சனக்கொரைப் பக்கம் ஒரு சின்னக் குடிலில் குடியேறினார். நடராஜ குரு என்று பின்னாளில் பெயர் பெற்றவர் அவர்தான்.

நீலகிரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் குளிருக்கும் மலை ரயிலுக்கும் வருகிறவர்கள். கடந்த நூறு ஆண்டுகளில் இன்னொரு வகை ஆட்களும் இந்த மலை ஏறியிருக்கிறார்கள். ஆசிரியரைத் தேடி வந்தவர்கள் பாதி. சீடர்களிடமிருந்து கொஞ்சம் ஓய்வு வேண்டி வந்த ஆசிரியர்கள் மீதி. ராமகிருஷ்ண மடம் 1920களிலேயே ஊட்டியில் கால் ஊன்றிவிட்டது. ராமகிருஷ்ணரின் நேரடிச் சீடரான சுவாமி சிவானந்தர் இங்கே வந்து தங்கியிருக்கிறார். ஜே. கிருஷ்ணமூர்த்தி 1948 கோடையை ஊட்டியில் கழித்தார். யு.ஜி. கிருஷ்ணமூர்த்திக்குக் குன்னூர் பிடித்தமான ஊர். ஆனால் குரு, சீடர், சீடரின் சீடர் என்று தலைமுறை தலைமுறையாக இங்கேயே வேர்விட்ட மரபைப் பார்க்க வேண்டுமென்றால் ஃபெர்ன்ஹில் நாராயண குருகுலத்துக்குத்தான் போக வேண்டும். குரு-சீட உறவைப் பற்றி யோசிக்கிறவர்களுக்கு அது ஒரு புதையல். காரணம் எளிது: அந்த மரபில் வந்தவர்கள் எல்லோரும் எழுதினார்கள். பக்தியை மட்டும் எழுதாமல், பட்ட அடியையும் போட்ட சண்டையையும் சேர்த்தே எழுதினார்கள்.

கதை நடராஜனின் அப்பாவிடமிருந்து தொடங்குகிறது. டாக்டர் பல்ப்பு 1863இல் திருவிதாங்கூரில் பிறந்தவர். ஈழவர் என்ற ஒரே காரணத்தால் சொந்த சமஸ்தானத்தில் மருத்துவராக வேலை பார்க்க முடியாமல், சென்னையில் படித்து மைசூர் அரசுப் பணிக்குப் போனவர். ஈழவர்களுக்குக் கல்வியும் வேலையும் கேட்டு மகஜர் மேல் மகஜராக எழுதிப் பார்த்தார், பலன் இல்லை. மனுக்களால் நகராத மக்களை ஒரு துறவியின் பெயரால் நகர்த்தலாம் என்று அவருக்குத் தெரிந்தது. அந்தத் துறவி நாராயண குரு. 1888இல் அருவிப்புறத்தில் ஒரு கல்லை எடுத்துச் சிவனாக நிறுத்திவிட்டு, பிராமணர் அல்லாதவர் பிரதிஷ்டை செய்யலாமா என்ற கேள்வியைச் சிரித்துக்கொண்டே கடந்துபோனவர். 1903இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் அமைந்தது. குரு தலைவர், கவிஞர் குமாரன் ஆசான் செயலாளர், பின்னணியில் பல்ப்பு.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1916இல், அதே பல்ப்புவுக்கு நாராயண குரு ஒரு கடிதம் எழுதினார். தன்னைக் கேட்காமல் யோகம் முடிவுகள் எடுப்பதையும், அதில் சாதி அபிமானம் வளர்ந்துவருவதையும் சொல்லி, தனக்கும் யோகத்துக்கும் இனித் தொடர்பில்லை என்று அறிவித்த கடிதம். தனக்குச் சாதி இல்லை என்று அவர் வெளிப்படையாக அறிக்கை விட்டதும் அதே ஆண்டில்தான். தன் பெயரைத் தாங்கிய அமைப்பிலிருந்து ஒரு குரு தானே வெளியேறுவது இந்தியாவில் அபூர்வம். அந்த அமைப்பு அதற்குப் பிறகும் அவர் பெயரிலேயே வளர்ந்ததும், இன்று கேரளத்தில் அது ஒரு பெரிய சாதி அமைப்பாகவே அறியப்படுவதும் அபூர்வமே இல்லை. களவங்கோடத்தில் 1927இல் சிலைக்குப் பதிலாகக் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தவருக்கு இன்று தெருமுனைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் சிலை வைத்து விளக்கு ஏற்றுகிறார்கள். இதில் பின்பற்றியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பள்ளிக்கூடமும் வேலையும் கோவில் வாசலும் மறுக்கப்பட்டவர்களுக்கு ஒரு கொடி தேவைப்பட்டது. குரு அந்தக் கொடியானார். ஆனால் கொடி வேறு, ஆசிரியர் வேறு. கொடியிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை.

பல்ப்புவின் மகனுக்கு வேண்டியிருந்தது ஆசிரியர். நடராஜன் 1895இல் பிறந்தவர்; படிப்பு முடித்து நாராயண குருவிடம் வந்து சேர்ந்தார். அப்பா இயக்கத்தைக் கண்ட இடத்தில் மகன் ஒரு மனிதரைக் கண்டார். குரு அவரைப் பள்ளியில் பாடம் நடத்த வைத்தார், அலைய வைத்தார், காத்திருக்க வைத்தார். 1923இல் குருவின் ஆசியோடு நீலகிரியில் குருகுலம் தொடங்கியது. முதல் முயற்சி சில ஆண்டுகளிலேயே நின்றுபோயிற்று. 1928இல் மேல்படிப்புக்காக ஐரோப்பாவுக்கு அனுப்பியதும் குருதான். அதே ஆண்டு செப்டம்பர் 20ஆம் தேதி வர்க்கலை சிவகிரியில் நாராயண குரு மறைந்தார். தன் வாழ்நாள் முழுக்க எவரைப் பற்றி எழுதப்போகிறாரோ அவர் இல்லாத உலகத்தில்தான் நடராஜனின் ஆய்வேடு எழுதப்பட்டது. அது ஏன் உயிருள்ள ஆசிரியரைப் பற்றிய ஆய்வேடாக அமைந்தது என்று ஊகிப்பது கடினமல்ல.

நடராஜ குருவின் எழுத்தில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கருத்து, குருவும் சீடனும் ஒரே நிலைமையின் இரண்டு முனைகள் என்பது. ஒரு முனை கொடுப்பதாகவும் மறுமுனை வாங்குவதாகவும் அவர் நினைக்கவில்லை. இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் மற்றதும் இல்லை. நடுவில் மூன்றாவது ஆளோ, பணமோ, பதவியோ, புகழோ புகுந்தால் இணைப்பு அறுந்துவிடும். வகுப்பறையில் நாற்பது பேரை வைத்துக்கொண்டு நடப்பதை அவர் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. இதைப் படித்துவிட்டு, எவ்வளவு சமத்துவமான உறவு என்று நினைத்து மலை ஏறிய இளைஞர்களுக்கு ஃபெர்ன்ஹில்லில் காத்திருந்தது வேறு அனுபவம். நடராஜ குரு முன்கோபி. கரண்டியைத் தவறான இடத்தில் வைத்தாலும், வேதாந்தத்தில் ஒரு வாதத்தைத் தவறான இடத்தில் வைத்தாலும் ஒரே சூட்டோடு சீறுகிற ரகம். ஆள் அரவமற்ற மலைச்சரிவு, எலும்பைத் துளைக்கும் குளிர், எளிய சாப்பாடு, எதிரே ஒரு கிழச் சிங்கம். தங்கியவர்கள் சிலரே.

தங்கியவர்களும் அவர் சொன்னதைக் கேட்டு நடந்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஸ்காட்லாந்துக்காரரான ஜான் ஸ்பையர்ஸ் பெங்களூருக்கு வெளியே கக்கலிப்புராவில் தனியாக ஒரு குருகுலம் அமைத்து, 1955 முதல் 'வேல்யூஸ்' என்ற ஆங்கில மாத இதழை நடத்தினார். நடராஜ குருவின் பெரும் படைப்புகளில் பல அந்த இதழில் தொடராக வந்தவை. அதாவது குருவை மாதா மாதம் எழுத வைத்தவர் சீடர். அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்து, உலகக் குடிமகன் என்று தன்னை அறிவித்துக்கொண்ட முன்னாள் குண்டுவீச்சு விமானி கேரி டேவிஸ் இன்னொரு வகை. கப்பல் பயணம் ஒன்றில் நடராஜ குருவைச் சந்தித்து, 1956இல் தானே அச்சிட்ட உலகக் கடவுச்சீட்டோடு இந்தியாவுக்கு வந்து அவரிடம் பாடம் கேட்டார். குருவோ டேவிஸின் உலக அரசாங்கத்துக்கு ஒரு தத்துவ அறிக்கை எழுதிக்கொடுத்தார். யார் யாருக்கு வேலை செய்தார்கள் என்று பிரித்துச் சொல்வது சிரமம்.

எல்லோரையும்விட நீண்ட நாள் அடிபட்டவர் நித்ய சைதன்ய யதி. 1924இல் கோன்னிக்குப் பக்கத்தில் பிறந்த ஜெயச்சந்திரப் பணிக்கர். பந்தளம் ராகவப் பணிக்கர் என்ற கவிஞரின் மகன். கொல்லம் ஸ்ரீ நாராயணக் கல்லூரியிலும் சென்னை விவேகானந்தா கல்லூரியிலும் தத்துவம் சொல்லிக்கொடுத்தவர். ரமணர் உட்படப் பலரையும் பார்த்துவிட்டு நடராஜ குருவிடம் வந்து சேர்ந்தார். இருவரின் சுபாவமும் நேர் எதிர். யதிக்கு இசை வேண்டும், கவிதை வேண்டும், பூச்செடி வேண்டும், நண்பர்கள் வேண்டும். அவருடைய மலையாளத் தன்வரலாறு 'யதிசரிதம்', ஆங்கிலத்தில் வந்த 'லவ் அண்ட் பிளெசிங்ஸ்' இரண்டையும் படிக்கிறவர்களுக்கு ஒன்று புரியும்: இந்த உறவு கனிவில் வளர்ந்ததல்ல. திட்டு வாங்கியது, கோபித்துக்கொண்டு பெட்டியைத் தூக்கியது, திரும்பி வந்தது என்று போகிறது கதை. சீடர் எழுதும் குரு சரித்திரங்களில் குரு எப்போதும் புன்னகையோடு அமர்ந்திருப்பார். யதி எழுதியதில் அவர் கத்துகிறார்.

இதைப் படித்துவிட்டுத் திட்டுவதே குருவின் அடையாளம் என்று முடிவுகட்டினால் ஆபத்து. திட்டுகிற சாமியார்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். நடராஜ குருவின் கோபத்தில் கவனிக்க வேண்டியது, அது யதியைத் தன்னோடு கட்டிவைக்கப் பயன்படவில்லை என்பதே. யதி டெல்லியில் ஒரு ஆய்வு நிறுவனத்துக்குத் தலைமை வகித்தார். 1969க்குப் பிறகு ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று போனார். அங்குள்ள பல்கலைக்கழகங்களில் பாடம் எடுத்தார். குருவின் இறுக்கமான தத்துவ நடையை அவர் எடுத்துக்கொள்ளவே இல்லை. கடிதமும் கட்டுரையுமாக, உளவியலும் இலக்கியமும் கலந்து, கல்லூரி மாணவிக்கும் புரிகிற மலையாளத்தில் எழுதினார். 1977இல் அவருக்குக் கேரள சாகித்ய அகாதமி விருது கிடைத்தது குமாரன் ஆசானின் 'நளினி' பற்றிய நூலுக்கு. வேதாந்தத் துறவி ஒரு காதல் காவியத்தைப் பற்றி எழுதி வாங்கிய விருது.

அமெரிக்காவில் யதி அதிகம் பாடம் எடுத்த ஊர்களில் ஒன்று ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லந்து. நாராயண குருவின் 'ஆத்மோபதேச சதகம்' நூறு செய்யுள்களுக்கும் அவர் அங்கே சொன்ன விளக்கத்தை மாணவர்கள் எழுதித் தொகுத்ததுதான் அவருடைய முக்கியமான ஆங்கில நூல். 1981இல் அதே ஓரிகனுக்கு இன்னொரு இந்திய ஆசிரியர் வந்தார். ரஜனீஷின் சீடர்கள் 64,000 ஏக்கர் பண்ணை வாங்கி ஊரையே கட்டினார்கள். குருவுக்கு 93 ரோல்ஸ் ராய்ஸ் கார்கள் சேர்ந்தன. 1984இல் உள்ளூர்த் தேர்தலில் ஜெயிப்பதற்காக, அங்குள்ள தலைமைச் சீடர்கள் உணவகங்களின் சாலட் தட்டுகளில் சால்மோனெல்லா கிருமியைக் கலந்தார்கள். 751 பேர் நோயில் விழுந்தார்கள். ரஜனீஷ் சாதாரணப் பேச்சாளர் அல்ல; அவருடைய வாசிப்பும் சிறியதல்ல. அறிவின் அளவில் மட்டும் தேடினால் யதிக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் பிடிபடாது. போர்ட்லந்தில் பாடம் கேட்டவர்கள் வகுப்பு முடிந்ததும் வீட்டுக்குப் போனார்கள், வேலைக்குப் போனார்கள். ரஜனீஷ்புரத்தில் இருந்தவர்களுக்கு வீடு, வேலை, துணி, பெயர் எல்லாமே குருவிடமிருந்து வந்தது. திரும்பிப் போக இடமில்லாதவரால் குருவிடம் முகம் சுளிக்கக்கூட முடியாது.

இந்த ஆபத்து தெரிந்து முன்கூட்டியே கதவைச் சாத்தியவர்களும் உண்டு. ஜே. கிருஷ்ணமூர்த்தி தன்னை உலக குருவாக ஏற்று அமைந்த 'ஆர்டர் ஆஃப் த ஸ்டார்' அமைப்பை 1929 ஆகஸ்டில், ஹாலந்தின் ஓமன் முகாமில், ஆயிரக்கணக்கான அடியார்கள் முன்னிலையிலேயே கலைத்தார். சீடர்கள் வேண்டாம் என்று சொன்னார். அதைக் கேட்கச் சீடர்கள் திரண்டார்கள். 1948இல் ஊட்டியில் அவர் தங்கியிருந்தபோது, இரவுகளில் உடல் வேதனையும் நினைவு விலகலுமாக அவருக்கு நேர்ந்ததை உடனிருந்து பார்த்தவர்கள் புபுல் ஜெயகரும் அவர் தங்கை நந்தினி மேத்தாவும். ஜெயகர் பின்னால் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் அந்த ஊட்டி நாட்கள் விரிவாக வருகின்றன. குருவே தேவையில்லை என்றவரின் மிக அந்தரங்கமான வேதனைக்குக்கூட ஒரு சாட்சி வேண்டியிருந்தது. அவருடைய நூல்களையும் வரவுசெலவையும் பல்லாண்டு கவனித்த ராஜகோபாலோடு பின்னாளில் நீதிமன்றம் வரை போன தகராறு, சீடர் என்ற பெயரை எடுத்துவிட்டால் சிக்கலும் போய்விடாது என்பதற்குப் போதுமான சான்று.

யு.ஜி. இன்னும் ஒரு படி மேல். தனக்கு எந்தப் போதனையும் இல்லை, தன் பேச்சுக்குக் காப்புரிமையும் இல்லை என்று அறிவித்தவர். ஜே. கிருஷ்ணமூர்த்தியையே ஏமாற்றுக்காரர் என்று திட்டியவர். குன்னூரிலும் பெங்களூரிலும் சுவிட்சர்லாந்திலும் அவர் தங்கிய வீடுகளுக்கு, அவரிடமிருந்து எதுவும் கிடைக்காது என்பதைக் கேட்டுப்போக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இதைப் பார்க்கிறபோது குருவை உண்டாக்குவது குருவின் விருப்பம் அல்ல என்றே படுகிறது.

தமிழில் இந்த விஷயத்தை மிக முழுமையாக எழுதிவைத்தவர் உ.வே. சாமிநாதையர். நாராயண குருவின் காலத்தவர்தான், 1855இல் பிறந்தவர். 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்து, 1876இல் பிள்ளை மறையும் வரை உடனிருந்தார். வெங்கடராமன் என்ற பெயரைப் பிள்ளையின் விருப்பத்துக்காக விட்டு, வீட்டில் வழங்கிய சாமிநாதன் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். அந்த அளவுக்குப் பக்தி. பிள்ளையோ தலபுராணங்களும் அந்தாதிகளும் மழைபோலப் பொழிந்த கவிஞர்; அந்த வழியில் ஐயர் போகவில்லை. கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் கேட்ட ஒரு கேள்வி அவரைச் சீவகசிந்தாமணி பக்கம் திருப்பியது. 1887இல் அது அச்சில் வந்தது. பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை. ஆசிரியரின் பாடத்தில் இல்லாத நூல்களால் பெயர் பெற்ற மாணவர். ஆனால் 1930களில், தன் எண்பது வயதை ஒட்டி, பிள்ளையின் வரலாற்றை இரண்டு பாகமாக எழுதி வெளியிட்டார். பிள்ளையின் செய்யுளை இன்று படிக்கிறவர்கள் மிகச் சிலர். பிள்ளையை அறிந்தவர்கள் பல்லாயிரம் பேர்.

நாராயண குருகுல மரபையும் உ.வே.சா.வையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தென்படுகிறது. உறவு முறியாமல் நீண்ட இடங்களில் எல்லாம் சீடர் வேலையை மாற்றிக்கொண்டிருக்கிறார். நாராயண குரு கோவில் கட்டியவர், மலையாளத்திலும் தமிழிலும் சமஸ்கிருதத்திலும் பாடியவர். நடராஜ குரு ஒரு கோவிலும் கட்டவில்லை, ஆங்கிலத்தில் தத்துவம் எழுதினார். யதி தத்துவத்திலிருந்து இலக்கியத்துக்கு வந்தார். கவிஞர் பிள்ளையின் மாணவர் பதிப்பாசிரியர் ஆனார். ஒரே துறையில், ஒரே கருவியோடு இருவரும் நின்றால் உரசல் தொடங்குகிறது. உளப்பகுப்பாய்வின் வாரிசாகவே யுங்கைக் கண்டார் ஃப்ராய்டு. 1913க்குள் இருவருக்கும் கடிதப் போக்குவரத்தும் நின்றுவிட்டது.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. கர்நாடக இசை முழுவதும் விதிவிலக்கு. அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் பாணியை விட்டு விலகாமல் வாழ்நாள் முழுக்கப் பாடிய கே.வி. நாராயணசாமி, தன் குருவின் நகல் என்று யாரும் சொன்னதில்லை. தொண்டையும் விரலும் வேலை செய்யும் கலைகளில் குருவைப் போலவே செய்து செய்துதான் சொந்தக் குரல் வரும்போலிருக்கிறது. சொல்லிலும் சிந்தனையிலும் அந்த வழி எடுபடுவதில்லை.

இந்த ஊகத்துக்கு நம் காலத்திலேயே கண்ணெதிரே ஓர் உதாரணம் உண்டு. எழுத்தாளர் ஜெயமோகன் 1980களில் நாகர்கோவிலில் சுந்தர ராமசாமியின் வீட்டுக்குப் போய்வந்த இளைஞர்களில் ஒருவர். இலக்கியத்தில் தன் ஆசிரியர்களில் ஒருவராக அவரைச் சொன்னவர். பின்னால் கருத்து மோதல், விலகல், கசப்பு. 2005 அக்டோபரில் சு.ரா. மறைந்ததும் 'நினைவின் நதியில்' என்ற நூலை விரைவாக எழுதி வெளியிட்டார். அஞ்சலியும் விமர்சனமும் பின்னிய அந்த நூல் சிற்றிதழ் உலகில் பெரிய சண்டையைக் கிளப்பியது. அதே ஜெயமோகன் 1990களில் ஊட்டிக்கு வந்து நித்ய சைதன்ய யதியைச் சந்தித்தார். யதி 1999 மே 14ஆம் தேதி ஃபெர்ன்ஹில்லில் மறையும் வரை அந்த உறவு கசக்கவில்லை. அதற்குப் பிறகும் கசக்கவில்லை. சு.ரா.வும் ஜெயமோகனும் நாவலாசிரியர்கள், ஒரே ஊர்ப்பக்கம், ஒரே வாசகர்கள். ஊட்டியில் இருந்தவர் துறவி. வந்தவர் தொலைபேசித் துறையில் வேலை பார்த்த குடும்பஸ்தர். யதி நாவல் எழுதப்போவதில்லை, ஜெயமோகன் காவி உடுத்தப்போவதில்லை. இடையில் போட்டிக்கு இடமே இல்லை. இது குணத்தைப் பற்றிய தீர்ப்பு அல்ல. அமைப்பைப் பற்றிய கணிப்பு.

யதி இருந்தபோதே குருகுலத்தில் தமிழ், மலையாளக் கவிஞர்கள் கூடும் அரங்குகளை ஜெயமோகன் நடத்தத் தொடங்கினார். யதி பெயரிலான இலக்கிய முகாம்கள் பின்னரும் தொடர்ந்தன. 2009க்குப் பிறகு ஜெயமோகனின் வாசகர் அமைப்பான விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் அவற்றை ஏற்று நடத்திவந்தது. கம்பராமாயணம், சங்கக் கவிதை, நவீனச் சிறுகதை என்று நாள் முழுக்க விவாதம். நேரத்துக்கு வர வேண்டும், விவாதம் தலைப்பை விட்டு விலகக் கூடாது, தனிப்பட்ட தாக்குதல் கூடாது, குடிக்கக் கூடாது என்று கறாரான விதிகள் வேறு. விதிகளைப் பற்றிக் கிண்டல்களும் உண்டு. அந்த வட்டத்தைப் பக்தர் கூட்டம் என்று சொல்கிறவர்களும் உண்டு. கிண்டலில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. யதியிடம் வாதாடிய ஜெயமோகனைப் போல, ஜெயமோகனிடம் வாதாடிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போகிற எத்தனை பேர் அந்த முகாம்களிலிருந்து கிளம்புகிறார்கள் என்பதைப் பொறுத்தது அந்த உண்மையின் அளவு.

எப்படியானாலும் மொழிக் கணக்கு ஒன்று இதில் சுவாரசியமானது. நாராயண குரு தேவாரச் சாயலில் தமிழ்ப் பதிகங்கள் எழுதியவர், திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளத்தில் பெயர்த்தவர். அவருக்கு அடுத்து வந்தவர் தமிழ் மண்ணில் பல்லாண்டு வாழ்ந்தும் ஆங்கிலத்தில் எழுதினார். அடுத்தவர் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதினார். தமிழுக்கு அந்தச் சிந்தனை திரும்பி வந்தது சன்னியாசிகள் வழியாக அல்ல. மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு தமிழ் நாவலாசிரியர் வழியாக. குருகுலத்தின் தலைமை யதிக்குப் பின் முனி நாராயண பிரசாத்திடம் போயிற்று. 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நாராயண குரு முதல் அவர் வரை தலைமையில் இருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். பாடம் கேட்டவர்களிலும், கையெழுத்துப் படிகளைத் தட்டச்சு செய்து நூலாக்கியவர்களிலும் பெண்கள் ஏராளம். சாதியைக் கேள்வி கேட்டுப் பிறந்த ஒரு மரபு இந்தக் கேள்வியை இன்னும் போதுமான சத்தத்தோடு கேட்டுக்கொள்ளவில்லை.

குரு, சீடர் என்ற பெயர்களே தவறான ஆட்களின் மேல் விழுவதற்கும் நீலகிரியில் உதாரணம் உண்டு. நடராஜ குரு ஃபெர்ன்ஹில்லில் காலூன்றிக்கொண்டிருந்த அதே 1930களில் எம்.பி. எமனோ என்ற மொழியியலாளர் இங்கே வந்தார். கனடாவில் பிறந்து, யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் சப்பீரிடம் பயின்றவர். 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கித் தோடர், கோத்தர் மொழிகளை ஆராய்ந்தார். கோத்தர்களைப் படிக்க டேவிட் மாண்டல்பாம் என்ற மானுடவியலாளரும் வந்தார். இருவருக்கும் ஆசிரியர் ஒருவரே: சுள்ளி என்ற கோத்தர். பள்ளிக்கூட வாத்தியார். ஆண்கள் நீளக் கூந்தல் வளர்க்கும் தன் சமூகத்தின் வழக்கத்தை மீறித் தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டு, அதற்காகச் சொந்த ஜனங்களிடம் எதிர்ப்பைச் சம்பாதித்த சீர்திருத்தக்காரர்.

1944 முதல் 1946 வரை கலிபோர்னியப் பல்கலைக்கழகம் நான்கு பகுதிகளாக வெளியிட்ட எமனோவின் கோத்தக் கதைத் தொகுதியில் உள்ள கதைகள் எல்லாம் சுள்ளியின் வாயிலிருந்து வந்தவை. எழுத்து வடிவம் இல்லாத ஒரு மொழியின் ஒலியையும் இலக்கணத்தையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவர் அவர். எமனோ பிறகு டி. பரோவோடு சேர்ந்து திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதியை 1961இல் கொண்டுவந்து, அந்தத் துறையின் பேராசானாக நூறு வயது தாண்டி வாழ்ந்தார். மாண்டல்பாம் 1960இல் சுள்ளியைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதினார். தங்களுக்குத் தகவல் தந்தவர்களைப் பற்றி மானுடவியலாளர்கள் எழுதிய கட்டுரைகளின் தொகுப்பு ஒன்றில் அது இடம்பெற்றது. உ.வே.சா. பிள்ளைக்குச் செய்ததையும் யதி நடராஜ குருவுக்குச் செய்ததையும், அளவில் மிகச் சிறிதாக, சுள்ளிக்குச் செய்த எழுத்து அது. தமிழில் சுள்ளியைப் பற்றி யாராவது விரிவாக எழுதினால், நீலகிரியின் பெரிய ஆசிரியர்கள் வரிசையில் முன்னால் உட்கார வேண்டியவர் ஒருவர் கூடுவார்.